அணியின் நடுவே ஒரு கோடு

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் விரிவுபடுத்தப்பட்ட அணியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு நினைவிருக்கும். சமன்பாட்டுக் கெழுக்கள் இடப்பக்கம், மாறிலிகள் வலப்பக்கம், நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. வலப்பக்கம் அலகு அணியை வைத்து நிரைகளைச் சுருக்கினால், இடப்பக்கம் அலகு அணி வந்து சேரும் அந்த நேரத்தில் வலப்பக்கம் நேர்மாறு நிற்கும். வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படித்தான் அணிக்கு இந்தக் கோடு. கணித நூல்களுக்குப் பக்கம் அமைப்பது என் பிழைப்பு. அச்சுத் தொழில் இந்தக் கோட்டை என்ன பாடு படுத்தியது என்பது எனக்கு ஓயாத அக்கறை.

கோட்டுக்கு முன்பே அணியின் அடைப்புக்குறி அச்சுக்குச் சிக்கலாக இருந்தது. இங்கிலாந்தில் 1850இல் கணிதவியலாளர் சில்வெஸ்டர் அணிக்குப் பெயர் வைத்தார். 1858இல் ஆர்தர் கெய்லி ராயல் சொசைட்டியின் இதழில் அணிகளைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அந்தப் பக்கங்களைப் பார்த்தால் அணியின் முதல் நிரைக்கு மட்டும் வளைந்த அடைப்புக்குறி இருக்கும். கீழ் நிரைகளுக்கு இருபுறமும் வெறும் செங்குத்துக் கோடுகள். ஈய எழுத்து வார்த்த உயரத்துக்கு மேல் வளராது என்பதை அறிந்தவர்களுக்கு அதைக் கோத்தவரின் சங்கடம் புரியும். பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கல்லிஸ், 1913இல் கேம்பிரிட்ஜ் அச்சகம் வெளியிட்ட தம் நூலில் சதுர அடைப்புக்குறிகளைப் பயன்படுத்தினார். சதுர அடைப்பை நேர்த்துண்டுகளை அடுக்கியே கட்டிவிடலாம். அதனால் கம்பாசிட்டருக்கும் அது நல்ல செய்தியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

லைனோடைப் இயந்திரம் ஒரு வரி முழுவதையும் ஒரே ஈயக்கட்டியாக வார்க்கும். கணிதத்துக்கு அது ஒத்துவராது. மோனோடைப் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக வார்த்ததால் கணித நூல்கள் அதனிடம் போயின. வார்த்து வந்த எண்களைக் கையால் எடுத்து, நிரலுக்கு நிரல் இடைவெளிக் கட்டைகள் செருகி, நடுவில் சரியான உயரத்துக்கு வெட்டிய உலோக ரூலை நிறுத்துவார்கள். புரூஃபில் ஒரே ஓர் உறுப்பு மாறி, ஒற்றை இலக்கம் இரட்டை இலக்கமானால் போதும். அந்த நிரலின் கட்டைகளை எல்லாம் மாற்ற வேண்டும், ரூலையும் நகர்த்த வேண்டும். இந்த வேலை எவ்வளவு கடினமானது என்று ஆசிரியர்களுக்குப் புரியவைக்கவே 1954இல் ஆக்ஸ்போர்டிலிருந்து சாண்டி, பேரட், பேட்டி மூவரும் கணித அச்சைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள்.

1977இல் டொனால்ட் நூத், தம் நூலின் இரண்டாம் பாகத்துக்கான ஒளி அச்சுப் புரூஃபைப் பார்த்து மனம் நொந்து டெக் மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதன் அடிப்படைத் தொகுப்பில் அணி போட ஒரு கட்டளை உண்டு. ஆனால் எந்த நிரலுக்குப் பிறகு கோடு வர வேண்டும் என்று சொல்ல அதில் இடமில்லை. டெக்கின் மேல் கட்டப்பட்ட, லெஸ்லி லாம்போர்ட்டின் லேடெக்கில் அந்த இடம் கிடைத்தது: நிரல்களைக் குறிக்கும் எழுத்துகளுக்கு நடுவே ஒரு செங்குத்துக் குறி இட்டால் கோடு வந்துவிடும். அணியைத் தொகுதிகளாகப் பிரிக்கும்போது நிரைகளுக்கு நடுவே வரும் குறுக்குக் கோடுதான் தொல்லை. அதன் கீழ் வரும் உறுப்பு, தலைக்கு மேல் குறியேற்றிய நிரைநிரல் மாற்று அணியாக இருந்தால், அந்தக் குறி கோட்டில் முட்டும். எங்கள் வேலையில் இதற்கு ஒரு வழி உண்டு: அகலம் பூஜ்யமாக, உயரம் மட்டும் உள்ள ஒரு கோட்டை அந்த நிரையில் வைப்போம். கண்ணுக்குத் தெரியாத அது நிரையை உயர்த்திப் பிடிக்கும்.

கணக்கிடும் மென்பொருள்களில் கதை வேறு. 1970களின் இறுதியில் கிளீவ் மோலர் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே அணிகளைக் கையாள மேட்லாபை உருவாக்கினார். நான்கு சிறிய அணிகளைச் சதுர அடைப்புக்குள் வைத்து அரைப்புள்ளியால் பிரித்தால் ஒரு பெரிய அணி கிடைக்கும். மிக அழகான ஏற்பாடு. ஆனால் சேர்ந்த கணமே எல்லைகள் மறைந்துவிடும். அணி திரையைவிட அகலமானால் மட்டும் ‘காலம்ஸ் 1 த்ரூ 8’ என்பதுபோலத் தலைப்பிட்டு அதைத் துண்டாக்கும். அந்த வெட்டு திரையின் அகலம் போட்டது. கணிதம் கேட்டது அல்ல. 2005இல் வில்லியம் ஸ்டெய்ன் தொடங்கிய சேஜ் இதை மாற்றியது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதில் பிரிவு அணியின் ஒரு பண்பாகவே தங்குகிறது. திரையிலும் லேடெக்கிலும் கோடு வந்து நிற்கிறது.

கோடு இல்லாமல் வரும் கையெழுத்துப் படிகள் இன்னும் குறையவில்லை. ஒரு நூலில் ஆறுக்கு ஆறு அணி ஒன்று, மென்பொருளிலிருந்து அப்படியே ஒட்டப்பட்டு வந்தது. கீழே, ஒரு தொகுதியின் நேர்மாறைக் கொண்டு கணக்கிடும் ஷூர் நிரப்பியைப் பற்றிய வாக்கியம். இசாய் ஷூர் 1917இல் வெளியிட்ட கருத்துக்கு 1968இல் எமிலி ஹேன்ஸ்வொர்த் வைத்த பெயர் அது. மேல் இடது தொகுதிக்கு நேர்மாறு உண்டு என்று ஆசிரியர் எழுதியிருந்தார். எது மேல் இடது தொகுதி? கணக்கிட்டுப் பார்த்தேன்: மூன்றுக்கு மூன்றாக வெட்டினாலும் நேர்மாறு இருந்தது, நான்குக்கு நான்காக வெட்டினாலும் இருந்தது. ஆசிரியருக்குக் கேள்வி அனுப்பினேன். நான்கு என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் கோடு போட்டேன். எழுதுபவர் சொல்லாவிட்டால் எண்களைப் பார்த்து அந்த எல்லையை யாராலும் ஊகிக்க முடியாது. எனவே கோட்டைக் கடைசியில் போடும் ஒப்பனையாக எண்ணாமல், பிரிவுகளின் அளவை அணியோடு சேர்த்தே எழுதி அனுப்பும்படி ஆசிரியர்களைக் கேட்டு வருகிறேன்.