செந்தூல் பட்டறையிலிருந்து பிஜே போர்ச்சுக்கு

அப்பா விட்டுச்சென்ற இரும்புப் பெட்டியில் மூன்று வகை ஸ்பேனர்கள் இருக்கின்றன. ஒரு வகையில் ‘1/4 டபிள்யூ’ என்று பொறித்திருக்கும். அடுத்ததில் ‘7/16 ஏஎஃப்’. மூன்றாவதில் 10, 12, 14, 17 என்று எண் மட்டும். முதல் வகை, அப்பா கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்த காலத்தது. இரண்டாவது மோரிஸ் மைனர் காருக்காக வாங்கியது. மூன்றாவது, டட்சனும் புரோட்டோன் சாகாவும் தெருவை நிறைத்த பிறகு சேர்ந்தது. பிஜே என்று நாம் சொல்லும் பெட்டாலிங் ஜெயாவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு போர்ச்சில் காரைப் பிரித்து வைத்துக்கொண்டு, அசையாத போல்ட்டோடு மல்லுக்கட்டிய ஒரு தலைமுறை இருந்தது. அந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை இந்தப் பெட்டியை வைத்தே சொல்லிவிடலாம்.

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1886-இல். தண்டவாளம் போடவும் பராமரிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அலுவலகங்களிலும் நிலையங்களிலும் யாழ்ப்பாணத்தார் அமர்ந்தார்கள். பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் ரயில்வே குடியிருப்புகளாக வளர்ந்தன. இன்ஜின்களைப் பிரித்து மாட்டும் பெரிய பட்டறை செந்தூலில் இருந்தது. 1945 தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் அதைக் குண்டுபோட்டுச் சிதைத்தன. போர் முடிந்து அதைத் தூக்கி நிறுத்திய காலத்தில்தான் அப்பா அங்கே ஃபிட்டருக்கு உதவியாளாகச் சேர்ந்தார்.

நீராவி இன்ஜினின் கொதிகலனைச் சுற்றியிருக்கும் போல்ட்டுகளுக்கு நெருப்பும் தண்ணீரும் மாறி மாறிப் படும். துரு ஏறிய இரும்பு முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளியில் துரு பருத்ததும் நட்டும் போல்ட்டும் ஒரே கட்டியாகிவிடும். பலத்தைக் காட்டினால் தலை முறிந்து கையில் வரும்; உடல் உள்ளேயே நின்றுவிடும். அதனால் பட்டறையில் முதலில் கற்றுக்கொடுத்தது பொறுமையைத்தான். கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய். மண்ணெண்ணெய் விட்டு ஊறவை. தலையில் சுத்தியலால் நேராகத் தட்டு. அந்த அதிர்ச்சியில் துரு விரிசல் விடும். சூடு காட்டுவதானால் நட்டுக்குக் காட்டு, போல்ட்டுக்குக் காட்டாதே. நட்டு விரிந்தால்தான் பிடி தளரும். சூடு இருக்கும்போதே மெழுகுவர்த்தியை மரையோரம் வைத்தால், மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

1950-களின் தொடக்கத்தில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த நெருக்கடிகாலத்துக் கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க, எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தின் சுமார் 1,200 ஏக்கர் நிலத்தில் பெட்டாலிங் ஜெயா உருவானது. இன்று ஓல்ட் டவுன் என்று நாம் சொல்கிற பகுதியில்தான் முதல் வீடுகள் எழுந்தன. பிறகு வந்த வரிசை வீடுகளில் வாசலையொட்டிக் கூரை போட்ட கார் போர்ச் இருந்தது. வெயிலும் மழையும் படாத சிமெண்டுத் தரை கிடைத்ததும், பட்டறையில் கற்றது வீட்டுக்கு வந்தது. மாதச் சம்பளக்காரன் பழைய கார் வாங்கினால், ஃபோர்மேன் என்று நாம் சொல்லும் மெக்கானிக்கிடம் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது. பெரிய வேலைக்குத்தான் ஃபோர்மேன், மற்றதெல்லாம் போர்ச்சில்.

மோரிஸ் மைனர் வந்தபோது அப்பாவின் பழைய ஸ்பேனர்கள் அதற்குப் பொருந்தவில்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது. பிரிட்டனில் பட்டறைக்கொரு மரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1841-இல் ஜோசப் விட்வொர்த் 55 டிகிரிக் கோணத்தில் பொது மரை ஒன்றை முன்வைத்தார். பிரிட்டிஷ் ரயில்வேயோடு அது மலாயாவுக்கும் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றின் உதிரிப் பாகங்களும் ஒன்றோடொன்று சேராமல் தொல்லை கொடுத்ததால், 1948-இல் 60 டிகிரிக் கோணத்தில் பொது மரைக்கு மூன்று நாடுகளும் உடன்பட்டன. அப்பாவின் மோரிஸ் மைனரில் இருந்தது இந்தப் புதிய மரை; அதற்கு ஏஎஃப் ஸ்பேனர் வேண்டும். விட்வொர்த் ஸ்பேனரில் இருக்கும் எண் போல்ட்டின் தடிமனைக் குறிக்கும். ஏஎஃப் ஸ்பேனரில் இருப்பது தலையின் இரு பக்கங்களுக்கு நடுவே உள்ள அகலம். ‘1/4 டபிள்யூ’ ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம். அரை அங்குல ஏஎஃப் தலையில் அது மாட்டும், ஆனால் 0.025 அங்குலம் ஆடும். இறுகிய போல்ட்டில் அந்த ஆட்டம் போதும். ஆறு மூலையும் மழுங்கிப்போகும். அதனால்தான் அப்பா முதலில் ஸ்பேனரை மாட்டி ஆட்டிப் பார்ப்பார். ஆட்டம் இருந்தால் வேலையைத் தொடவே மாட்டார்.

1970-களில் டட்சன் 120ஒய் வந்தது. டட்சன் கார்களைப் பூட்டிய ‘தான் சோங்’ நிறுவனத்தின் செகாம்புட் ஆலை 1976-இல் திறந்தது. அங்குலம் போய் மில்லிமீட்டர் வந்தது. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஜெர்மன் வண்டியில் 13 எண் ஸ்பேனர் வேண்டும். ஜப்பான் வண்டியில் 12 போதும். 1985 ஜூலையில் வந்த புரோட்டோன் சாகாவுக்குள் இருந்தது மிட்சுபிஷி இன்ஜின் என்பதால், டட்சனுக்கு வாங்கிய அதே 10, 12, 14, 17 அதற்கும் ஆனது. பிஜே வீடுகளின் பெட்டிகளில் இந்த நான்கும்தான் தேய்ந்திருக்கும்.

சாகா புதிய சிக்கல் ஒன்றையும் கொண்டுவந்தது. அதன் இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் பட்டால், இரும்போடு ஒட்டியிருக்கும் அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகக் கட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகள் இப்படித்தான் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் பைப்புகளுக்கு நடுவே நெருப்பைக் கொண்டுபோக அப்பா சம்மதிக்க மாட்டார். அம்மா கெட்டிலில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொண்டுவருவார். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எனவே துளை அகலும் அளவுக்கு போல்ட் பருக்காது. தண்ணீரை மூடியைச் சுற்றி மெதுவாக ஊற்றிவிட்டு, ஆறு முனை சாக்கெட்டை நேராக அழுத்தி மாட்டுவார். “முதல்ல கொஞ்சம் இறுக்குய்யா, பெறகு கழட்டு” என்பார். இறுக்கும் பக்கம் துளி நகர்ந்தால் உள்ளே கட்டியிருந்தது உடைந்துவிட்டது என்று பொருள். பிறகு கால் சுற்று கழற்றி, பாதி திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்ற வேண்டும். பழைய மாவு மரையில் அரைபட்டு வெளியே வரும். இழுத்த இழுப்புக்கு ஒரேயடியாகச் சுற்றினால் அதே மாவு அலுமினிய மரையைத் தின்றுவிடும்.

அந்தத் தெருவில் இது அப்பாவின் தனி வித்தையாக இருக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் நீளமான இரும்புக் குழாய் வைத்திருந்தார். ஸ்பேனர் கைப்பிடியில் செருகினால் நெம்புகோல் நீளும், இழுப்பு குறையும். எதிர்வீட்டு மலாய்க்கார பாக்சிக் தன் ஜாக்கியைக் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார். பிள்ளைகளுக்கு முதல் வேலை டார்ச் பிடிப்பது. பிறகு கழற்றிய போல்ட்டுகளை வரிசையாகத் தட்டில் அடுக்குவது. அதற்கும் பிறகுதான் ஸ்பேனர் கைக்கு வரும். ஆயுத பூஜையன்று அந்தப் பெட்டியைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, சாமி முன் வைப்போம். வீட்டில் பாடப்புத்தகத்துக்குக் கிடைத்த மரியாதை அதற்கும் கிடைத்தது.

செந்தூல் பட்டறை இன்று இல்லை. புதிய வண்டிகளின் இன்ஜின் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் கிடக்கிறது, கோளாற்றைக் கணினி சொல்கிறது. பட்டறைகளில் காற்றுத் துப்பாக்கி ஒரு நொடியில் போல்ட்டைக் கழற்றிவிடுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. என் கவலை வேறு. தோட்டம், கோயில், தமிழ்ப் பள்ளி, தொழிற்சங்கம் பற்றியெல்லாம் நாம் எழுதி வைத்திருக்கிறோம். ரயில் பட்டறையில் மரையும் உலோகமும் கற்று, அந்த அறிவைப் பிஜே போர்ச் வரை கொண்டுவந்தவர்களைப் பற்றி எழுதியது குறைவு. அவர்கள் செய்தது அறிவியல். உலோகம் எவ்வளவு விரியும், துரு எப்படிப் பருக்கும், அதிர்ச்சி எங்கே போய்ச் சேரும் என்பதை விரல் நுனியில் வைத்திருந்தார்கள். தாளில்தான் எழுதி வைக்கவில்லை. எண்பதைத் தாண்டிய அந்தக் கைகளில் சில இன்னும் நம்மிடையே இருக்கின்றன. எந்த வேலைக்கு எந்த ஸ்பேனர், எப்போது சூடு, எப்போது எண்ணெய், எப்போது சும்மா விட்டுவிடுவது என்று அவர்களைக் கேட்டு எழுதிவைப்பது, நம் உழைப்பின் வரலாற்றுக்கு நாம் உடனே செய்ய வேண்டிய கடமை.