மெலிந்தும் வலி குன்றாத தகரம்

பால் டின்னில் கயிறு கோத்துக் கடையில் காப்பி வாங்கிச் சென்ற காலம் நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். அதே டின்னால் அரிசி அளந்த வீடுகளும் தோட்டங்களில் உண்டு. எத்தனை முறை கையாண்டாலும் எளிதில் நசுங்காத அப்பொருள், தலைமுறைக்குத் தலைமுறை உடல் மெலிந்தே வந்திருக்கிறது. அது மெலிந்தது எங்ஙனம்? மெலிந்தும் வலிமை குன்றாதது எதனால்? இம்மெலிவால் நலம் பெற்றோர் யார், இழந்தோர் யார்? இவ்வினாக்களின் விடையில் நம் நாட்டு வரலாறும் கலந்திருக்கிறது.

உணவைக் கலத்தில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடிச் சூடாக்கினால் நெடுநாள் கெடாது என்று கண்டவர் பிரான்சு நாட்டு நிக்கொலா அப்பேர். 1810-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அவர் கையாண்டது கண்ணாடிக் கலம். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டூரண்டு பெற்ற காப்புரிமையில் தகரக் கலமும் இடம்பெற்றது. 1813-இல் பிரையன் டாங்கினும் ஜான் ஹாலும் இலண்டன் பெர்மண்சியில் ஆலை நிறுவிக் கப்பற்படைக்கு உணவு வழங்கினர். அந்நாளைய டின்கள் தடித்த இரும்புத் தகட்டால் ஆனவை. 1824-இல் பாரி என்னும் மாலுமி வடதுருவப் பகுதிக்குக் கொண்டு சென்ற இறைச்சி டின்னின்மேல், உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டித் திறக்குமாறு அறிவுரை எழுதப்பட்டிருந்தது! டின் திறக்கும் கருவிக்கு இங்கிலாந்தில் 1855-இலும் அமெரிக்காவில் 1858-இலும் காப்புரிமை வழங்கப்பட்டது. தகடு மெலியத் தொடங்கிய பிறகே அத்தகைய கைக்கருவிக்கு வேலை ஏற்பட்டது.

தகரம் என்பது தனி உலோகமன்று. இரும்போ உருக்கோ உடல். ஈயம் என்று நாம் வழங்கும் வெள்ளீயம் அதன் மேற்பூச்சு. உடல் வலிமை தருகிறது. பூச்சு துருவைத் தடுக்கிறது. ஆகவே சிக்கனமும் இருவழியாக வந்தது.

முதலில் பூச்சைப் பார்ப்போம். பழைய முறையில் தகட்டை உருகிய ஈயத்தில் தோய்த்து எடுப்பர். ஒரு சதுர மீட்டர் தகட்டின் இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 28 கிராம் ஈயம் ஒட்டும். அதனை மிகவும் குறைக்க அம்முறை இடந்தராது. மின்சாரத்தின் துணையால் ஈயத்தைப் படியச் செய்யும் முறையோ வேண்டிய அளவுக்கு மெலிதாகப் பூச வல்லது. உட்பக்கத்துக்கு ஓர் அளவும் வெளிப்பக்கத்துக்கு வேறோர் அளவும் தரவும் இயலும். 1930-களிலேயே இம்முறை தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. எனினும் அதனை எங்கும் பரவச் செய்தது போரே. 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. மலாயா ஈயம் நேச நாடுகளுக்குக் கிட்டாமற் போயிற்று. அமெரிக்க ஆலைகள் மின்முறைக்கு விரைந்தன. பூச்சு 11 கிராம் அளவுக்கும், சில டின்களில் 6 கிராமுக்கும் குறைவாகவும் இறங்கியது. போர் முடிந்து ஈயம் மீண்டும் கிடைத்தபோதும் பழைய தாராளம் திரும்பவில்லை.

இனி உடலைக் காண்போம். ஒரு தாளை மேசைமேல் நிறுத்துங்கள், மடங்கி விழும். அதனையே விசிறிபோல் மடித்து இரு புத்தகங்களுக்கிடையே பாலமாக வைத்தால், சிறு பளுவைத் தாங்கும். தாளின் அளவு கூடவில்லை, வடிவம் மாறியது. டின்னின் உடலைச் சுற்றி ஓடும் வரிகளின் பயன் இதுவே. சூடு ஆறியதும் உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று சுவரை உள்நோக்கி அமுக்குகிறது. அதனை வரிகள் எதிர்க்கின்றன. ஆனால் வரிகளை மிக ஆழமாக்கினால், அடுக்கி வைக்கும்போது மேலிருந்து வரும் பளுவைத் தாங்கும் ஆற்றல் குறைந்துவிடும். ஒரு பக்கம் ஈட்டுவதை மறுபக்கம் இழக்காத அளவு காண்பதே கலை. 1960-களின் தொடக்கத்தில், தகட்டைப் பதப்படுத்திய பின் மீண்டும் ஒருமுறை குளிர்நிலையில் உருட்டி, மெலிதாகவும் விறைப்பாகவும் ஆக்கும் முறை வந்தது.

1959-இல் அமெரிக்காவின் கூர்ஸ் நிறுவனம் பக்கத் தையலே இல்லாத அலுமினியக் கலத்தை வெளியிட்டது. இன்றைய பானக் கலத்தின் சுவர் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்பே. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் சுவரை விறைப்பாக்குகிறது. உட்குழிந்த அடிப்பாகம் அணைக்கட்டின் வளைவுபோல் அழுத்தத்தைத் தாங்குகிறது. தட்டையான மூடிக்கு இத்துணை உதவி இல்லை. எனவே அது தடித்தே இருக்க வேண்டும். அதனாற்றான் கலத்தின் கழுத்தை ஒடுக்கினர். மூடியின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அதன் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் என்பதைக் கணக்கு வகுப்பில் காட்டலாம்.

இச்சிக்கனத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக ஈயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவில் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு டின்னிலும் மிச்சமான ஈயம், கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டத் தேவைப்படாத ஈயமன்றோ? 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயக் கழகம் விலையைத் தாங்கிப் பிடிக்கப் பணமின்றிக் கைவிரித்தது. விலை சரிந்தது, ஈயச் சுரங்கங்கள் பல மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். மெலிந்த பூச்சு ஒன்றே இதற்குக் காரணம் என்பது பிழை. விலையைச் செயற்கையாக உயர்த்தி வைத்ததும், பிரேசில் முதலிய நாடுகளின் உற்பத்தி பெருகியதும், அலுமினியத்தின் போட்டியும் சேர்ந்தே அவ்வீழ்ச்சியை விளைத்தன. ஆயினும், ஒரு பொருளையே நம்பி வாழும் ஊர், அப்பொருளைக் குறைவாகப் பயன்படுத்த எங்கோ ஓர் ஆலையில் நடைபெறும் ஆராய்ச்சியையும் கவனித்தாக வேண்டும் என்பது தெளிவு. இரப்பரை நம்பி வாழ்ந்த நமக்கு இது புதிய பாடமன்று.

குறைந்த பொருளில் நிறைந்த வலிமை காண்பது அறிவின் வெற்றி, ஐயமில்லை. அவ்வெற்றியை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர், அதற்கு விலை கொடுத்தவர்களின் வரலாற்றையும் உடன் சொல்லித் தருதல் கடமையாகும்.