சூப்புக் கிண்ணத்தில் கோலிக்குண்டுகள்

உணவகத்தில் அமர்ந்து உண்பவருக்குப் பட்டியலிலுள்ள படம் ஒரு துணை மட்டுமே. அடுத்த மேசையில் ஆவி பறக்கும் தட்டை அவர் பார்க்கலாம்; அடுக்களையிலிருந்து வரும் மணத்தை நுகரலாம். பார்சல் வாங்கிச் செல்பவருக்கோ இவை கிட்டுவதில்லை. வீடு சேர்ந்து பொட்டலத்தைப் பிரிக்கும்வரை அவர் நம்பியிருப்பது படத்தைத்தான். ஆகவே, அப்படத்தை எவ்வளவு அழகுபடுத்தலாம் என்பது ஒளிப்படக் கலைஞரின் கேள்வியாக மட்டும் நின்றுவிடவில்லை. அறம் பற்றிய கேள்வியாகவும் ஆயிற்று. அவ்வாறு ஆன வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

உணவை விற்குமுன் அதன் உருவைக் காட்டும் வழக்கம் ஜப்பானில் மெழுகைக் கொண்டு வளர்ந்தது. தக்கிசோ இவாசாக்கி என்பவர் 1932ஆம் ஆண்டு ஒசாக்காவில் மெழுகு உணவு மாதிரிகள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவருடைய முதல் படைப்பு ஓர் ஆம்லெட். உண்மையான உணவின்மீது அச்செடுத்து, அதில் மெழுகை வார்த்து, வண்ணம் தீட்டுவது அக்கலையின் முறை. மாதிரி பொய்யானதுதான், ஆனால் அதன் அளவும் வடிவும் சமைத்த உணவிலிருந்தே பெறப்பட்டன என்பது இங்குக் கருதத்தக்கது.

அமெரிக்காவில் இப்பணியை வண்ண ஒளிப்படம் மேற்கொண்டது. ஹங்கேரியில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய நிக்கோலஸ் முரே போன்ற கலைஞர்கள் 1930களிலும் 1940களிலும் பத்திரிகைகளின் உணவுப் பக்கங்களுக்கு வண்ணம் தந்தனர். அவர்கள் கையாண்ட கார்ப்ரோ முறையில் ஒரே காட்சியை மூன்று வண்ண வடிகட்டிகளின் வழியே தனித்தனியாகப் பதிவுசெய்து, மூன்று நிறமிப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைக்க வேண்டும். படப்பிடிப்பு விளக்குகளின் வெப்பத்தில் கீரை வாடும், ஐஸ்கிரீம் உருகும். ஐஸ்கிரீமுக்குப் பதிலாக மசித்த உருளைக்கிழங்கை வைக்கும் தந்திரம் இத்தகைய இடர்ப்பாட்டிலிருந்து பிறந்ததே.

இத்தந்திரம் குற்றமா? அமெரிக்க உச்சநீதிமன்றம் 1965ஆம் ஆண்டு, உணவுக்குத் தொடர்பில்லாத ஒரு வழக்கில் இதை எண்ணிப்பார்த்தது. சவரக் களிம்பொன்றின் தொலைக்காட்சி விளம்பரம், களிம்பைத் தடவியதும் மணற்காகிதமே வழுவழுப்பாக மழிக்கப்படுவதாகக் காட்டியது. உண்மையில் அங்கிருந்தது கண்ணாடிபோன்ற நெகிழித் தகட்டின்மேல் தூவிய மணல். அது ஏமாற்று என்று தீர்த்த நீதிமன்றம், உருளைக்கிழங்கு ஐஸ்கிரீமையும் எடுத்துக்காட்டாக ஆராய்ந்தது. காட்சியின் பின்னணியில் அது வெறும் பொருளாக இருக்கலாம். ஆனால் 'இதன் நிறத்தையும் பதத்தையும் நீங்களே பாருங்கள்' என்று அதையே சான்றாகக் காட்டினால் அது ஏமாற்றாகும். இதுவே அத்தீர்ப்பு வகுத்த எல்லை.

சில ஆண்டுகளில் உணவே வழக்காயிற்று. கேம்ப்பெல் நிறுவனத்தின் சூப் விளம்பரத்தில் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகள் இடப்பட்டிருந்தன. இயல்பாகக் கீழே அமிழும் காய்த்துண்டுகள் அவற்றால் மேலே நின்று, சூப் மிகச் செறிவானது போலத் தோன்றியது. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இதை எதிர்த்தது. 1970ஆம் ஆண்டு வந்த ஆணையின்படி நிறுவனம் இம்முறையைக் கைவிட உடன்பட்டது. இவ்வழக்கில் தலையிட்ட சட்ட மாணவர்கள் தங்கள் அமைப்புக்கு 'சூப்' என்றே சுருக்கப்பெயர் சூட்டியிருந்தனர் என்பது சுவையான செய்தி. முன்னர் ஏமாற்றியதை விளம்பரத்திலேயே ஒப்புக்கொள்ளவேண்டும் என்று அவர்கள் கோரினர். ஆணையம் அதற்கு இணங்கவில்லை.

இவ்வழக்கில் நம்மைச் சிந்திக்கவைப்பது ஒன்றுண்டு. சூப்பில் இருந்த காய்கள் மெய்யானவை. பொய்யாக ஒரு துண்டும் சேர்க்கப்படவில்லை. பொய்த்தது தோற்றம்தான். தண்டியலங்காரம் பொருளணிகளுள் உள்ளதை உள்ளவாறே சொல்லும் தன்மையணியை முதலில் வைத்தது. உள்ளதைச் சொல்வதும் அணியே என்ற அந்நோக்கு பட்டியல் படத்துக்கும் பொருந்தும்.

எனவே, படத்தை மேம்படுத்தும் வழியைக் கிண்ணத்துக்கு வெளியே தேடுவதே நேர்மை. சன்னலோரத்தில் பக்கவாட்டு வெளிச்சம் விழுமாறு தட்டை வைத்தால், தோசையின் மொறுமொறுப்பும் குழம்பின் பளபளப்பும் தாமே புலப்படும். எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். மின்னல் விளக்கு நேராக அடித்தால் எண்ணெய் வெளுத்துத் தெரியும். மஞ்சள் பல்பின்கீழ் இட்லி பழையதுபோல் தோன்றும். தட்டையான பண்டங்களை மேலிருந்தும், அடுக்கடுக்கான பரோட்டாவைப் பக்கத்திலிருந்தும் எடுப்பது நலம். அனைத்திற்கும் மேலாக, வாடிக்கையாளர் கைக்குப் போகும் அதே அளவை, அதே டப்பாவில் வைத்துப் படமெடுக்கவேண்டும். பொட்டலத்தில் போகாத முந்திரியைப் படத்தில் தூவுவதும் கோலிக்குண்டு இடுவதே.

இன்று கோலிக்குண்டும் வேண்டியதில்லை. சமைக்காத உணவுக்கே கணினி படம் வரைந்துவிடும். 2024 ஆகஸ்டில் ஸொமேட்டோ நிறுவனம், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களை உணவகப் பட்டியல்களிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தது. இவாசாக்கியின் மெழுகு ஆம்லெட்டுக்குக்கூட அச்செடுக்க உண்மையான ஆம்லெட் ஒன்று வேண்டியிருந்தது. இப்படங்களுக்கு அதுவும் வேண்டியதில்லை. காசு கொடுத்துவிட்டுப் பசியோடு காத்திருப்பவருக்குக் காட்டும் படம் எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.