தொட்டிக் கள்ளி மழையில் மடிவது ஏன்?

சென்ற ஐப்பசியில் நான்கு நாட்கள் அடைமழை விடாது பெய்தது. ஐந்தாம் நாள் மொட்டை மாடிக்குச் சென்ற என் மகள் அழுதுகொண்டே இறங்கி வந்தாள். மூன்றாண்டுகளாக அவள் தொட்டியில் வளர்த்த கள்ளி, அடிப்பகுதி அழுகிச் சாய்ந்து கிடந்தது. சித்திரை வெயிலில் ஒரு மாதம் நீரின்றி இருந்தும் வாடாத செடி அது. "தண்ணி இல்லாதப்போ பொழைச்சுது, தண்ணி கெடைச்சதும் ஏம்ப்பா செத்துப் போச்சு?" என்று கேட்டாள். இந்த எளிய கேள்விக்கு முழு விடை கிடைக்க அறிவியலுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

செடிகள் வெளியேற்றும் நீரை நிறுத்து அளந்த முன்னோடி, இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் ஆவார். 1724ஆம் ஆண்டில் அவர் மூன்றரை அடி உயரச் சூரியகாந்தி ஒன்றைத் தொட்டியில் வைத்து, தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, காலையிலும் மாலையிலும் நிறுத்துப் பார்த்தார். பகற்பொழுதின் 12 மணி நேரத்தில் அது சராசரியாக 20 அவுன்ஸ் நீரை இழந்தது. இது அரை லிட்டருக்கும் சற்று மிகுதி. இத்தகைய செடி தன் தொட்டியைத் தானே உலர்த்திவிடும்.

கள்ளியின் வழி வேறு. 1804இல் ஜெனீவாவைச் சேர்ந்த டி சோசூர், சப்பாத்திக்கள்ளியின் தண்டுகள் இருளில் ஆக்சிஜனோடு கார்பன்-டை-ஆக்சைடையும் உட்கொள்வதைக் கண்டார். மற்ற செடிகளோ இருளில் அவ்வாயுவை வெளிவிடுகின்றன.

அடுத்த தடயம் நம் பக்கத்திலிருந்தே கிடைத்தது. தரங்கம்பாடிக்குச் சமயப் பணிக்காக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹைன், 1813இல் லண்டன் லின்னேயன் கழகத்துக்கு ஒரு செய்தியை எழுதினார். இலை விளிம்பில் குட்டி போடும் ரணகள்ளியை அவர் மென்று பார்த்திருந்தார். காலையில் இலை புளித்தது, நண்பகலில் சுவையற்றிருந்தது, மாலையில் சற்றுக் கசந்தது. அவருடைய கருவி நாக்கு ஒன்றுதான்!

இந்த இரண்டு செய்திகளுக்கும் பொருள் பின்னரே விளங்கியது. இச்செடிகள் குளிர்ந்த இரவில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன்-டை-ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமிக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவை விடுவித்து ஒளிச்சேர்க்கை நடத்துகின்றன. 1940களில் மெய்ரியன் தாமஸ் முதலானோர் இதனை விரிவாக ஆராய்ந்தனர். இதனால் நீரிழப்பு மிகவும் குறைகிறது. பாலையில் இது வரம். மழைத்தொட்டியிலோ இதுவே ஆபத்து. ஏனெனில் மண்ணிலுள்ள நீரைக் கள்ளி விரைவில் உறிஞ்சி வெளியேற்றாது.

அந்த நீர் வேருக்கு என்ன தீங்கு செய்கிறது? வேரும் சுவாசிக்க வேண்டும். காற்றில் விரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே விரவுகிறது. மண்ணின் இடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறுகிறது. நலிந்த வேரில் பூஞ்சைகள் எளிதில் நுழைகின்றன.

"தொட்டியின் அடியில்தான் துளை இருக்கிறதே!" என்று கேட்கலாம். இங்கேதான் இயற்பியல் வருகிறது. குழாயின் ஆரம் குறையக் குறைய நீர் அதில் உயரமாக ஏறி நிற்கும் என்று 1718இல் ஜேம்ஸ் ஜூரின் காட்டினார். ஆரம் 1 மில்லிமீட்டரானால் உயரம் சுமார் 1.5 சென்டிமீட்டர், 0.1 மில்லிமீட்டரானால் சுமார் 15 சென்டிமீட்டர். மண் துகள்களின் இடைவெளிகளும் இத்தகைய நுண்குழாய்களே. நயமான மண் இட்ட சிறு தொட்டியில், துளை இருந்தாலும் ஏறத்தாழ முழு உயரத்துக்கும் நீர் தங்கிவிடக்கூடும்.

மண் நீரைப் பிடித்துவைக்கும் வலுவை 1907இல் அமெரிக்க இயற்பியலாளர் எட்கர் பக்கிங்ஹாம் ஒரு நிலையாற்றலாகக் கருதிக் கணக்கிடக் கற்றுத்தந்தார். நயமான மண் நீரால் நிறையும்வரை, கீழேயுள்ள பருமனான கல்லடுக்குக்கு நீரை விடுவதில்லை. எனவே அடியில் கல் பரப்புவதால் வடிகால் கிடைப்பதில்லை. நீர் தேங்கும் அடுக்கு வேரை நோக்கி மேலேறுகிறது, அவ்வளவே.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். நீரில் தோய்த்த பஞ்சை ஒரு தட்டின்மேல் கிடையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மீண்டும் நீர் சொட்டும். ஒரே பஞ்சுதான், உயரம் கூடியதால் நீர் இறங்குகிறது. ஆழமான தொட்டி கள்ளிக்கு நல்லது என்பதன் காரணமும் இதுவே.

நான் ஆண்டுதோறும் வகுப்பில் நுண்புழை ஏற்றத்தை நடத்துபவன். ஆயினும் மகளின் தொட்டியில் வண்டலை நிரப்பி, அடியில் கல் பரப்பிக் கொடுத்தவனும் நானே. செடியைக் கொன்றது மழையன்று என்பதை அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

பக்கத்தில் முளைத்திருந்த ஒரு கன்று மட்டும் அழுகாமல் தப்பியிருந்தது. அதைப் பிரித்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்தோம். தூசியைச் சலித்து நீக்கிய பருமணலும் உடைத்த செங்கல்லும் மிகுதியாகவும், மண் குறைவாகவும் கலந்தோம். ஆழமான மண்தொட்டி ஒன்றில் நட்டு, துளை அடைபடாதவாறு இரண்டு செங்கற்களின் மேல் வைத்திருக்கிறோம். அடைமழை பிடித்தால் அதைத் தாழ்வாரத்துக்குத் தூக்கி வருவது என் பொறுப்பு என்று மகள் தீர்ப்புக் கூறியிருக்கிறாள்.