‘மற்றும் குழுவினர்’: மதுரை மேடைகள் பற்றி

எழுத்தாளன் மேடையேறுவது நமக்குப் புதிதல்ல. திராவிட இயக்கம் கவியரங்கத்தைக் கூட்டம் சேர்க்கும் வடிவமாகவே வளர்த்தெடுத்தது. ஆனால் அங்கே கவிஞனுக்கும் கேட்பவனுக்கும் நடுவில் தலைமையும் பொன்னாடையும் இருந்தன. 1975இல் மதுரையில் உருவான தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் பின்னாளில் கலை இலக்கிய இரவுகளைப் பரப்பியபோது அந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கியது. தெருவை மறித்துப் போட்ட மேடை. ஒயிலாட்டம் முடிந்ததும் கவிஞர் வருவார். நாடகத்துக்கு முன்னால் நாவலாசிரியர் வந்து கதை சொல்லுவார். மேலூர்ப் பக்கம் அப்படியொரு ராத்திரிக்கு அப்பா என்னைக் கூட்டிப் போனார். சாக்கு விரிப்பில் தூங்கிப்போய், பறைச் சத்தத்தில் முழித்தேன். அன்றைக்கு வாசித்த கவிஞர் பேர் இன்னும் ஞாபகம் இருக்கு. அடிச்சவங்க பேர் தெரியாது. நோட்டீசிலும் ‘மற்றும் குழுவினர்’தான்.

அந்தக் குழுவினர் யார் என்ற கேள்வியை 1990களில் அரசரடி எழுப்பியது. தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் அங்கே தலித் கலை விழாக்களை நடத்தியது. ‘பரட்டை’ என்ற பெயரில் பாட்டுக் கட்டிய தியாஃபிலஸ் அப்பாவு அந்தக் கல்லூரி ஆசிரியர். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வெளிவந்ததும் மதுரையிலிருந்துதான். பேச்சுமொழி அச்சில் ஏறிய அதே காலத்தில் பறை மேடையேறியது.

சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சேரிகளில் பறையைக் கீழே வைத்த காலமும் அதுதான். கீழே வைத்ததை மேடையில் தூக்கிப் பிடிப்பது மீட்பா, இழிவுக்குப் பூச்சூட்டலா? இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. என்னைக் கேட்டால், கூலியைப் பேசவும் வரமுடியாது என்று சொல்லவும் அடிப்பவருக்கு முடிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். முடியவில்லை என்றால் மேடை எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் அது ஊழியம்தான்.

இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரனை இங்கே சொல்ல வேண்டும். நாட்டுப்புறப் பாட்டில் ஆய்வும் செய்தவர், பாடவும் செய்தவர். 2005இல் ‘வடு’ எழுதியவர். சென்னையில் கல்லூரி ஆசிரியராக இருந்த இன்குலாபின் ‘மனுசங்கடா’ ஊர் ஊராகப் போனது இவர் குரலில்தான். கேட்டவர்களில் பலருக்கு அது குணசேகரன் பாட்டு. சிற்றிதழ்கள் ரொலான் பார்த்தை வைத்து ஆசிரியனின் மரணத்தை விவாதித்த ஆண்டுகளில், நம் கண்ணெதிரே ஒரு பிரதி இப்படிக் கைமாறியது. நாம் அதைக் கோட்பாடாக யோசிக்கவில்லை. (2016 ஜனவரியில் பாடியவர் போனார், டிசம்பரில் எழுதியவர்.)

எழுதியவருக்கும் பாடியவருக்கும் பேர் நின்றது. அடித்தவருக்கு? அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு பேர் அரசிதழ் வரை போயிருக்கிறது.

சமீபத்தில் ஒரு விழா நோட்டீசுக்கு மெய்ப்புப் பார்த்தேன். பறைக்குழுவில் எட்டுப் பேர். எல்லார் பேரையும் போடணும்னு சண்டை போட்டேன். “இடமில்ல தோழர்” என்றார்கள், பிறகு இறங்கி வந்தார்கள். குழுத் தலைவருக்குப் போன் போட்டேன். ஆறு பேரைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். “மத்த ரெண்டு பேரு வேணாம் தம்பி. ஒருத்தருக்கு மகளக் கட்டிக்குடுத்த வீட்டுல தெரியாது. இன்னொருத்தன் டவுன்ல வாடகைக்கு இருக்கான்.”

நோட்டீசில் ஆறு பேர் அச்சாகி, அதன் கீழே ‘மற்றும் இருவர்’ என்று வந்தது.