வட்டுக்கோட்டை வளவும் அடுக்களையும்

வட்டுக்கோட்டை என்றவுடன் கற்றோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது, 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் அங்கு நிறுவிய செமினரியேயாகும். கணிதமும் வானநூலும் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே பயிற்றப்பட்ட அக்கல்விக்கூடத்திற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர் என்பது தமிழுலகம் நன்கறிந்த செய்தி. அச்செமினரி 1855இல் மூடப்பட்டது. 1872இல் அதன் வழித்தோன்றலாக யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. இவையெல்லாம் ஏட்டில் ஏறிய வரலாறு.

அதே ஊரில், செமினரிக்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கி இன்றுவரை மூடப்படாத மற்றொரு கல்விக்கூடமும் உண்டு. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. பட்டமளிப்பு விழாவும் இல்லை. வீட்டு வளவும் அடுக்களையுமே அப்பள்ளி. ஆச்சி ஆசிரியை, பேர்த்தி மாணவி. எந்தக் கீரையை எந்தப் பருவத்திற் கொய்வது, எந்தக் கிழங்கை எவ்வாறு அவிப்பது, கடல் கடந்து வந்த புதுக்காய் ஒன்றைப் பழகிய கறியோடு எவ்வாறு இணக்குவது என்பனவே அங்குக் கற்பிக்கப்பட்ட பாடங்கள். அப்பாடங்களைக் கற்றவர் பெயர்களை எவரும் குறித்து வைக்கவில்லை. ஆயினும் பஞ்சமும் போரும் வந்துற்ற காலங்களில் குடும்பங்களைக் காத்து நின்றது பெரும்பாலும் அக்கல்வியே.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறைமீது அமைந்த நிலம். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு அங்கில்லை. வட்டுக்கோட்டைப் பகுதியை அணுகிச் சென்று அராலிக் கரையில் கடலோடு கலக்கும் வழுக்கையாறும் மாரி காலத்தில் மட்டுமே ஓடும் வெள்ளவாய்க்காலாகும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை பாறையின் வெடிப்புகளூடே கீழிறங்கித் தங்குகிறது. அதனைக் கிணறு தோண்டி, துலாவிட்டு, பட்டையால் இறைத்தே மக்கள் பயிர் செய்தனர். ஒவ்வொரு பட்டை நீரும் உழைப்பின் விலை. ஆதலின் நீரைச் சிந்தாமற் பயன்கொள்ளும் சிக்கனம் அவர்தம் இயல்பாயிற்று. கிணற்றடியில் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வாய்க்கால் வழியே வாழையடிக்குச் சென்றன. அவ்வாய்க்காலின் ஈரக் கரையிலே வல்லாரையும் பொன்னாங்காணியும் தழைத்தன.

வளவின் எல்லையில் நின்றது உயிர்வேலி. கிளுவை, பூவரசு, முள்முருங்கை, முருங்கை முதலியவற்றின் கதியால்கள் நாட்டப்பட்டு, அவை வேர்கொண்டு தளிர்த்து வேலியாயின. அவற்றின் குழை தோட்டத்துக்குப் பசளையாயிற்று, ஆட்டுக்கு உணவாயிற்று. அக்கதியால்களைப் பற்றிப் படர்ந்தன முசுட்டையும் முடக்கொத்தானும் தூதுவளையும் குறிஞ்சாவும் மொசுமொசுக்கையும் பிரண்டையும். வேலியோரத்தில் ஆடாதோடையும் நொச்சியும் நின்றன. முற்றத்தில் துளசியும், அடுக்களைக்கு அண்மையில் கறிவேப்பிலையும் வளர்ந்தன. இவற்றுள் பலவற்றை எவரும் விதைத்ததில்லை. எனினும் எவற்றைப் பிடுங்காமல் விடவேண்டும் என்று அறிந்திருந்தமையே அங்குத் தோட்டக்கலையின் முதற்பாடமாயிற்று.

இவ்வறிவுக்கு நூல்வழியான துணையும் இருந்தது. யாழ்ப்பாணத்து இருபாலைச் செட்டியார் இயற்றிய 'பதார்த்த சூடாமணி', உண்ணும் பொருள்களின் குணங்களைச் செய்யுளில் வகுத்துக் கூறும் நூலாகும். யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ மரபைச் சேர்ந்த 'பரராசசேகரம்', 'செகராசசேகரம்' என்னும் நூல்களும் அந்நாட்டில் வழங்கின. ஏடு படித்த பரியாரியார் இவற்றை மனனஞ் செய்தனர். ஏடு படியாத இல்லத்தரசியரோ அதே நெறியை இலைக்கஞ்சியாகக் காய்ச்சினர். முசுட்டை, முடக்கொத்தான், தூதுவளை, மொசுமொசுக்கை, வல்லாரை போன்ற இலைகளிற் கிடைத்தவற்றைக் கொய்து, அரிசியோடு அவித்துத் தேங்காய்ப்பால் சேர்த்து ஆக்கும் அக்கஞ்சியில் உணவும் மருந்தும் வேறு வேறாகப் பிரிந்து நிற்பதில்லை. ஓர் இலை மிகுந்தால் கைக்கும். மற்றொன்று குறைந்தால் மணம் குன்றும். அளவு கையிலேயே இருந்தது.

இத்தகைய அடுக்களைக்குள் புதியன எவ்வாறு புகுந்தன என்பதே சுவை மிக்க வரலாறு. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசு அவர் கைப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சிகள் மாறிய அக்காலத்தில், அமெரிக்கக் கண்டத்துக்குரிய செடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழைநாடுகளை வந்தடைந்தன. மிளகாய், மரவள்ளி, வற்றாளை, பப்பாசி, அன்னாசி, கொய்யா, அன்னமுன்னா, தக்காளி, புகையிலை ஆகிய யாவும் அவ்வழி வந்தவையே. யாழ்ப்பாணத்தார் தம் பழஞ்சொத்தெனக் கருதும் புகையிலைத் தோட்டமும், மிளகாய் வறுக்கும் நெடியும் சில நூற்றாண்டுப் பழமையே உடையன.

மிளகாய் என்னும் பெயரே அதன் வரவைச் சொல்லும். உறைப்புக்கு மிளகையே அறிந்திருந்த மக்கள், புதுக்காயை மிளகோடு ஒப்பிட்டு மிளகு போன்ற காய் என்று அழைத்தனர். மிளகுக்கொடி மலைநாட்டு ஈரத்தை வேண்டுவது. மிளகாய்ச் செடியோ வெயிலும் கிணற்று நீரும் பெற்றாற் போதும், வளவின் மூலையிலும் காய்க்கும். காசு கொடுத்து வாங்கிய உறைப்பு, கைநீட்டிப் பறிக்கும் உறைப்பாயிற்று. அது பரவியதன் இரகசியம் இவ்வெளிமையே. பின்னர் செத்தல் மிளகாயை மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றோடு வறுத்து இடித்து யாழ்ப்பாணத்துக் கறித்தூள் உருவாயிற்று. புதியது பழையதைத் துரத்தவில்லை. பழையவற்றின் நடுவே அதற்கோர் இடம் வகுக்கப்பட்டது.

பழைய சமையலின் சுவடு முற்றும் அழிந்ததும் இல்லை. பிள்ளை பெற்ற தாய்க்கு ஆக்கும் பத்தியக் கறியில் மிளகாய்க்கு இடமில்லை. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி ஆகிய சரக்குகளை அம்மியில் அரைத்தே அக்கறி ஆக்கப்படும். நாள்தோறும் மிளகாயை விரும்பி உண்ணும் இல்லமும், உடல் தளர்ந்த வேளையில் மிளகாய் வருமுன் இருந்த சுவைக்கே மீளுகின்றது. பத்தியச் சட்டியை ஒரு பழஞ்சாசனம் எனக் கொள்ளினும் தகும்.

மரவள்ளியின் கதை வேறு. அது 1786ஆம் ஆண்டளவில் மொரீசியசுத் தீவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டதென்பர். தடியை முறித்து நட்டாற் போதும். வறண்ட மண்ணிலும் கிழங்கு வைக்கும். ஆயினும் அக்கிழங்கினுள் நஞ்சு உண்டு. கிழங்கின் இழை சிதையும்போது ஐதரசன் சயனைட்டு என்னும் கொடிய நச்சுப்பொருள் தோன்றுவதாக இரசாயன நூலார் கூறுவர். இரசாயனம் அறியாத அடுக்களையோ அநுபவத்தால் விதிகளை வகுத்துக்கொண்டது: கிழங்கைப் பிடுங்கிய அன்றே சமைத்தல், தோலை முழுதும் நீக்குதல், மூடாத பானையில் நீர் நிறைய விட்டு அவித்தல், அந்நீரை வடித்துக் கொட்டுதல். மரவள்ளியோடு இஞ்சியைச் சேர்த்தலாகாது என்னும் விலக்கும் இன்றுவரை ஈழத்து இல்லங்களிற் காக்கப்படுகிறது. புதிய உணவு ஒன்றைக் கற்றல் என்பது சுவையை மட்டும் கற்பதன்று. தவறினால் உயிருக்கே கேடு விளைவிக்கும் பாடமும் அதனுள் இருந்தது. அதனைப் பிழையின்றிக் கற்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்த முதற்பெண் யார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

அடுக்களைக்கு யாழ்ப்பாணத்தில் வழங்கும் 'குசினி' என்னும் சொல்லும், ரொட்டிக்கு வழங்கும் 'பாண்' என்னும் சொல்லும் போர்த்துக்கேய மொழி தந்தவை. நாள்தோறும் இடியப்பத்தோடு உண்ணும் 'சம்பல்' மலாய் மொழிச் சொல். ஆனால் வல்லாரையைக் கொய்து தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிப்புளியும் கூட்டி வல்லாரைச் சம்பல் ஆக்கும்போது, பெயர் மலாய் நாட்டது, மிளகாய் அமெரிக்காவினது, இலையோ கிணற்றடியினது. அக்கலவை முழுதும் யாழ்ப்பாணத்துக்கே உரியது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வறிவுக்கு வந்த சோதனைகள் பல. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகவே, அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. பழக்கமில்லாத கோதுமை மா வீடுகளுக்குள் புகுந்தது. அரிசி மாவைக் குழைப்பதுபோல் கோதுமை மாவைக் குழைத்தால் அது பசைபோல் ஒட்டிக்கொள்ளும், புட்டு உதிராது. இச்சிக்கலுக்கு இல்லங்கள் கண்ட தீர்வு அரியது. மாவைத் துணியிற் கட்டி நீராவியில் அவித்து, ஆறியபின் அரித்தெடுத்து, அதன் பின்னரே வெந்நீர் விட்டுக் குழைத்தனர். ஆவியிற் பட்ட மா தன் ஒட்டுந்தன்மையை இழந்து, அரிசி மாவைப் போலவே உதிர்ந்து வந்தது. 'அவித்த மா' என்னும் இம்முறையால் கோதுமை, புட்டும் இடியப்பமுமாக மாறிற்று. நெடுங்காலமாக ஒடியலையும் குரக்கனையும் புட்டாக்கிய கைகளுக்கு இப்புதுப் பாடம் நீண்ட நாள் எடுத்திராது.

1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது, வலிகாமத்துச் செம்மண் தோட்டங்கள் செழித்தன. அதே காலத்தில் நாட்டில் அரிசியும் மாவும் அருகவே, மரவள்ளி பல வீடுகளில் வேளையுணவாயிற்று. 1990 முதல் யாழ்ப்பாணம் பொருளாதாரத் தடையுள் அகப்பட்டது. எரிபொருள் முதலாகப் பலவும் கிடைத்தற்கரியனவாயின. சீனி அருகிய வீட்டில் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் அருந்தினர். சந்தைக்கறி எட்டாத வீட்டில் முருங்கையிலையும் முசுட்டையும் சட்டியேறின. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடு விட்டு வெளியேறினர். அன்று கையிற் கொண்டுசெல்ல இயன்றவை சிலவே. கிணற்றையும் வேலியையும் எவராலும் எடுத்துச் செல்ல இயலவில்லை. எவ்விலை உணவாகும் என்னும் அறிவு மட்டும் உடன் சென்றது.

அவ்வறிவு கடலையும் கடந்தது. இலண்டனிலும் தொரன்ரோவிலும் குடியேறிய ஈழத்தமிழர், கறிவேப்பிலைச் செடியைச் சட்டியில் நட்டு, பனிக்காலத்தில் வீட்டினுள் சன்னலோரம் வைத்துக் காக்கின்றனர். ஆச்சியின் அருகிருந்து கற்க வாய்ப்பில்லாதோருக்கு நூல்கள் துணையாயின. சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்னும் நூல், தாய்வீட்டை விட்டுத் தொலைவிற் சென்ற எத்தனையோ பெண்களுக்கு வழிகாட்டிற்று. எனினும் நூல் அளவைச் சொல்லும். முசுட்டைக் கொடியை வேலியில் இனங்காணும் கண்ணைத் தராது.

அக்கண்ணுக்கே இன்று இடர் நேர்ந்துள்ளது. யாழ்ப்பாணத்து வளவுகளில் கதியால் வேலி நீங்கிச் சீமெந்து மதில் எழுகின்றது. மதில் காவலுக்கு நன்று. ஆனால் அதில் தூதுவளை படராது. வேலி போனால் இலை போகும். இலை போனால் கஞ்சி போகும். கஞ்சி போனால் அவ்விலையின் பெயரும் மறையும். பின்னொரு நாள் தேவை நேர்கையில், கண்முன்னே நிற்கும் செடியும் களையாகவே தோன்றும். 2022இல் இலங்கையைப் பொருளாதார நெருக்கடி வாட்டியபோது, அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை அங்கீகரித்தது. விடுமுறையைச் சட்டம் தரலாம். விதைக்கும் கொய்யும் அறிவை ஒரு வெள்ளிக்கிழமையில் எவராலும் தரவியலாது. அது தலைமுறைகளாகச் சேர்வது. ஒரே தலைமுறையிற் கெடுவது.

யாழ்ப்பாணத்துக் கூழ்ப்பானையை நேயர்கள் ஒருகால் நினைவுகூர்க. அதனுள் கரைந்து நிற்கும் ஒடியல் மா பனையின் கொடை, பழமையின் பழமை. மீனும் நண்டும் அருகிலுள்ள கடலின் கொடை. உடன் வேகும் மரவள்ளியும் செத்தல் மிளகாயும் நெடுந்தொலைவிலிருந்து வந்த விருந்தினர். பிலாவிலையைக் கோலி அக்கூழைப் பருகுவோருக்கு எது பழையது, எது புதியது என்று பிரித்தறிதல் அரிது. புதியதைக் கற்கத் தயங்காமையும் பழையதைக் கைவிடாமையும் அப்பானையில் ஒன்றாகின. செமினரியின் கல்வி வட்டுக்கோட்டையின் பெயரை உலகறியச் செய்தது. வளவின் கல்வியோ வட்டுக்கோட்டையைப் பசியாற்றிற்று. முன்னையதற்கு நூல்கள் உண்டு. பின்னையதற்கு வேலியோரத்துக் கொடியும், அதனை இன்னதென்று சுட்டிக் காட்டும் ஒரு விரலும் வேண்டும்.