இருளிலே தப்பை கட்டினோர்

யுத்த சரித்திரம் எழுதுவோர் சேனைகளின் தொகையையும் தளபதிகளின் சூழ்ச்சியையும் விரித்துரைப்பர். அஸ்தமனத்திற்குப் பின் அக்களத்தில் கிடந்தவர் கதி யாதாயிற்று என விசாரிப்போர் சிலரே. 1914 முதல் 1918 வரை நடந்த ஐரோப்பிய மகாயுத்தத்தில் இரு திறத்தாரும் அகழிகளுள் பதுங்கி எதிரெதிரே இருந்தமையால், இடைநிலத்தில் வீழ்ந்தவனைப் பகலில் அணுகுதல் பெரும்பாலும் இயலாததாயிற்று. அவன் இரவை எதிர்பார்த்துக் கிடக்கவேண்டும். இரவு வந்த பின்னரோ, வைத்தியன் விளக்கேந்தலாகாது. ஒளி கண்டவிடத்தில் குண்டு பாயும்.

அவ்விருளில் நடந்தவருள் ஒருவர், லிவர்ப்பூல் நகரத்துப் பட்டாளமொன்றின் வைத்தியராகிய நோயல் சவாஸ். 1916 ஆகஸ்டு 9-ஆம் தேதி பிரான்ஸ் தேசத்தில் பகல் முழுதும் வெட்டவெளியிலே காயம்பட்டோரைக் கவனித்த அவர், அன்றிரவு பகைவர் அகழிகளுக்கு முன்னே நான்கு மணி நேரம் தேடித் திரிந்தார். மறுநாளிரவு இருபது தொண்டருடன் சென்று, எதிரியின் அகழிக்கு 25 கெஜ தூரத்தில் ஒரு குண்டுப் பள்ளத்திற் கிடந்த மூவரை மீட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் தேதி தாமே காயத்தால் மாண்டார்.

எனினும், கண்டெடுத்தல் பாதி வேலையே. தொடையெலும்பு முறிந்தவனை அப்படியே தூக்கிச் சேற்றிலும் பள்ளத்திலும் சுமந்தால், முறிந்த முனைகள் அசையுந்தோறும் சதையைக் கிழிக்கும். உள்ளே உதிரம் பெருகும். ஆஸ்பத்திரி வாயிலை அடையுமுன் உயிர் போம். இதற்கு மருந்தாயிற்று ஓர் இரும்புத் தப்பை. அதனை இயற்றியவர், அதே லிவர்ப்பூலில் துறைமுகத் தொழிலாளர்க்கு வைத்தியம் செய்து 1891-இல் மறைந்த ஹியூ ஓவன் தாமஸ். அவர் முன்னோர் வேல்ஸ் நாட்டிலே பரம்பரையாக எலும்பு கட்டுவோர். நம் ஊர்களிலும் அத்தகைய குடும்பங்கள் உண்டு. பட்டம் பெற்றோர் அவர்களை எவ்வாறு நோக்குவரென்பது நாம் அறியாததன்று. தாமஸ் தாமும் பட்டம் பெற்றவரேயாயினும், அக்காலத்து வைத்தியர் அவர் தப்பையைப் பொருட்படுத்தினாரல்லர். அவருடைய உறவினரும் மாணவருமான ராபர்ட் ஜோன்ஸ் என்பவரே மகாயுத்தத்தில் அதனைச் சேனைக்குள் கொண்டுவர முயன்று வென்றார்.

வளையமொன்று தொடையின் மூலத்தில் பொருந்தும். இரு கம்பிகள் காலின் இருமருங்கும் நீண்டு பாதத்திற்கு அப்பால் ஒன்றாகும். காலைச் சீராக இழுத்துப் பிடித்து, பாதரட்சையையும் கழற்றாமல், அதனைக் கம்பி முனையோடு துணியால் இறுகப் பிணித்தால் எலும்பு அசையாது. சொல்லுதற்கு எளிது. மழை பெய்யும் நள்ளிரவில், அலறும் மனிதன் பக்கத்தே குனிந்து செய்வதெங்ஙனம்? ஆகவே தூக்குக் கட்டில் சுமப்போர்க்கு அவ்வேலையைப் படிப்படியாய்ப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் எண்ணிட்டுக் கவாத்துப்போற் பயிற்றினர். பின்னர் அவர்கள் கண்களைத் துணியாற் கட்டிவிட்டு, மீண்டும் மீண்டும் அதனையே செய்வித்தனர். விளக்கு வேண்டாத வைத்தியம் இவ்வாறு விரல்களிற் குடிகொண்டது. இவர்களிற் பலர் வைத்தியக் கல்வியே இல்லாத சாமானியச் சிப்பாய்கள். சவாஸின் கீர்த்திக்கு இணையாக இவர்களையும் நாம் வைப்போம்.

யுத்தத் தொடக்கத்தில் தொடை முறிந்தோரில் நூற்றுக்கு 80 பேர் மாண்டனர் என்பர். அக்குழப்பத்தில் எடுத்த கணக்கை நாம் அவ்வளவாக நம்புவதில்லை. 1917 வசந்தத்தில் அராஸ் என்னுமிடத்து நடந்த போரில் இத்தப்பை பரவலாகப் பயன்பட்டபோது எடுத்த கணக்கோ திருத்தமானது: ஏறக்குறைய ஆயிரம் பேரில் நூற்றுக்குச் சுமார் 16 பேரே இறந்தனர். தேடுவாரின்றி இருளிலே கிடந்து மாண்டவர் அக்கணக்கிற் சேரார்.